கண்மாய்க் கணக்கும் கணினிப் போட்டியும்

நுழையும்முன்

குறைந்த பொருளைக் கொண்டு நிறைந்த பயனைப் பெறுவது எவ்வாறு என்னும் வினா உழவர்க்கும் உண்டு, வணிகர்க்கும் உண்டு, அடுக்களையில் சமைப்பவர்க்கும் உண்டு. இவ்வினாவையே இன்றைய கணினி நிரலாக்கப் போட்டிகள் புதிராக மாற்றி மாணவர்முன் வைக்கின்றன. அத்தகைய புதிர் ஒன்றை மதுரைச் சமவெளியின் கண்மாய்களோடு பொருத்தித் தாளும் எழுதுகோலும் மட்டும் கொண்டு தீர்க்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

நிலமும் நீரும்

மதுரைக்கு மேற்கே, தேனி செல்லும் சாலையில் அமைந்த ஊர் நாகமலை புதுக்கோட்டை. பாம்புபோல் நீண்டு கிடக்கும் மலைத்தொடர் ஊர்ப்பெயரின் முன்பகுதியாயிற்று. அருகிலுள்ள கீழக்குயில்குடியின் சமணர் மலையில் தீர்த்தங்கரர் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் காணப்படுகின்றன. 1966ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் இவ்வூரை அடுத்தே உள்ளது.

இப்பகுதியின் வேளாண்மை நெடுங்காலமாகக் கண்மாய்களை நம்பியது. துவரிமான் கண்மாயும் மாடக்குளம் கண்மாயும் அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. பாண்டியர் காலக் கல்வெட்டுகள் மதுரையை ‘மாடக்குளக்கீழ் மதுரை’ என்றே சுட்டுகின்றன. ஒரு மாநகரமே ஒரு குளத்தைக் கொண்டு அடையாளம் காணப்பட்டது என்றால், அக்குளத்தின் சிறப்பு சொல்லாமலே விளங்கும்.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன. அவற்றுள் பல தனித்து நிற்பவை அல்ல. மேட்டு நிலத்துக் கண்மாய் நிரம்பியதும் மிகுநீர் கலுங்கு வழியே வெளியேறி, கால்வாயில் ஓடி, அடுத்த ஊர்க் கண்மாயை அடையும். அது நிரம்பினால் அதற்கடுத்த கண்மாய் நீர் பெறும். இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாக அமைந்த வரிசையைச் சங்கிலித்தொடர்க் கண்மாய்கள் என்பர். ஒரு கண்மாய் தூர்ந்துபோனால் அதன் கொள்ளளவு குறையும். ஆயக்கட்டு வயல்களின் கடைமடைக்கு நீர் எட்டாது. ஆதலின் கோடையில் தூர்வாருதல் ஊர்ப் பொதுப்பணியாகக் கருதப்பட்டது. குடிமராமத்து என்னும் சொல் அப்பொதுப்பணியைக் குறிப்பதே.

புதிரின் வடிவம்

கற்பனையான ஒரு கண்மாய் வரிசையைக் கொள்வோம். ஏழு கண்மாய்கள் மேலிருந்து கீழாக அமைந்துள்ளன. ஒவ்வொன்றையும் தூர்வாரினால் கூடுதலாகப் பாசனம் பெறும் நிலத்தின் அளவு ஏக்கரில் பின்வருமாறு:

முதற் கண்மாய் – 50
இரண்டாம் கண்மாய் – 20
மூன்றாம் கண்மாய் – 10
நான்காம் கண்மாய் – 60
ஐந்தாம் கண்மாய் – 70
ஆறாம் கண்மாய் – 60
ஏழாம் கண்மாய் – 10

இதில் ஒரு கட்டுப்பாடும் உண்டு. ஒரு கண்மாயை வற்றவைத்து வேலை செய்யும் கோடையில் அவ்வூரின் ஆடுமாடுகள் அடுத்த கண்மாயின் நீரையே நாட வேண்டும். எனவே அடுத்தடுத்துள்ள இரண்டு கண்மாய்களை ஒரே கோடையில் தூர்வாருதல் கூடாது. இக்கட்டுப்பாட்டுக்கு உட்பட்டு, ஒரு கோடையில் மிகுந்த பரப்புக்குப் பயன் தரும் தெரிவு எது? இதுவே புதிர்.

நிரலாக்கப் போட்டிகளில் வரும் உகப்பாக்கப் புதிர்கள் பெரும்பாலும் இவ்வமைப்பையே உடையவை. அவற்றில் மூன்று உறுப்புகள் இருக்கும். கொடுக்கப்பட்ட எண்கள் தரவு எனப்படும். மீறக்கூடாத நிபந்தனை கட்டுப்பாடு எனப்படும். மிகுதியாக்கவோ குறைவாக்கவோ வேண்டிய அளவு இலக்கு எனப்படும். இங்கு ஏழு எண்கள் தரவு. அடுத்தடுத்தவற்றைத் தொடாமை கட்டுப்பாடு. கூட்டுத்தொகையைப் பெரிதாக்குதல் இலக்கு. புதிரைப் படித்தவுடன் இம்மூன்றையும் தனித்தனியே எழுதிக்கொள்வது தேர்ந்த போட்டியாளரின் முதற்பணியாகும்.

மூன்று எளிய வழிகள்

புதிரைக் கண்டதும் மனத்தில் எழும் முதல்வழி, இருப்பவற்றுள் பெரியதை முதலில் எடுப்பதாகும். ஐந்தாம் கண்மாயின் 70 ஏக்கரே மிகப்பெரியது. அதனை எடுத்தால் நான்காவதும் ஆறாவதும் விலக்கப்படும். எஞ்சியவற்றுள் பெரியது முதற்கண்மாயின் 50. அதனை எடுத்தால் இரண்டாவது விலக்கப்படும். பின்னர் மூன்றாவதும் ஏழாவதும் கிடைக்கும். கூட்டுத்தொகை 70 + 50 + 10 + 10 = 140 ஏக்கர்.

இரண்டாம் வழி, ஒற்றைப்படை எண்ணுடைய கண்மாய்களை எடுப்பது. அவை முன்கூறிய நான்கு கண்மாய்களே ஆதலின் தொகையும் 140. மூன்றாம் வழி, இரட்டைப்படை எண்ணுடையவற்றை எடுப்பது. 20 + 60 + 60 என்பதும் 140ஐயே தருகிறது.

மூன்று வழிகளும் ஒரே விடையைத் தந்தமையால் அதுவே மிகச் சிறந்த விடை என்று தோன்றுவது இயல்பு. ஆனால் அவ்வாறு அன்று. முதலாவது, நான்காவது, ஆறாவது ஆகிய மூன்று கண்மாய்களைத் தெரிந்தால் 50 + 60 + 60 = 170 ஏக்கர் கிடைக்கிறது. 140க்கும் 170க்கும் இடையே 30 ஏக்கர் வேறுபாடு உள்ளது. தாளில் அது சிறிய எண். வயலில் அது பல குடும்பங்களின் ஓராண்டு நெல்.

முதல்வழி தோற்றது ஏன்? 70 என்னும் ஓர் எண்ணைப் பெறுவதற்காக இருபுறமும் இருந்த 60, 60 ஆகிய இரண்டும் இழக்கப்பட்டன. எடுத்ததன் பெருமை கண்ணுக்குத் தெரிந்தது. இழந்ததன் அளவு தெரியவில்லை. ஒவ்வொரு படியிலும் கண்முன் உள்ள பெரியதையே எடுக்கும் இம்முறையைக் கணினி அறிவியலார் பேராசை நெறிமுறை என்பர்.

பேராசை நெறிமுறை எல்லா இடத்தும் பிழைபடுவதில்லை. 10, 5, 2, 1 ரூபாய் நாணயங்களைக் கொண்டு மிகக் குறைந்த எண்ணிக்கையில் சில்லறை தரவேண்டுமெனில், பெரிய நாணயத்தை முதலில் எடுப்பதே சரியான விடையைத் தரும். ஆனால் ஒரு நாட்டில் 4, 3, 1 என்னும் மதிப்பில் மட்டுமே நாணயங்கள் இருப்பதாகக் கொண்டால், 6 ரூபாய்க்கு இம்முறை 4 + 1 + 1 என மூன்று நாணயங்களைத் தரும். 3 + 3 என இரண்டு நாணயங்களே போதும் என்பதை அது காணாது. எனவே ஒரு வழி எளிது என்பதாலோ முன்பு பயன்பட்டது என்பதாலோ அதனை ஏற்றல் ஆகாது. அது இவ்விடத்துக்குப் பொருந்துமா என ஆராய்ந்தே ஏற்றல் வேண்டும்.

எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்தல்

கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட எல்லாத் தெரிவுகளையும் எழுதி, அவற்றுள் பெரியதைக் காணலாமே என்று கேட்கலாம். ஏழு கண்மாய்களுக்கு, எதையும் எடுக்காமல் விடுவதையும் சேர்த்து, 34 தெரிவுகளே உள்ளன. அரைமணி நேரத்தில் அனைத்தையும் எழுதிவிடலாம். ஆனால் கண்மாய்களின் எண்ணிக்கை 50 ஆனால் தெரிவுகளின் எண்ணிக்கை 3,295 கோடியைக் கடக்கும். நொடிக்கு ஒன்று வீதம் சரிபார்த்தால் முடிப்பதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகும். கண்மாய்கள் ஆயிரம் ஆனால் எத்துணை விரைவான கணினியும் திணறும். போட்டியில் ஒரு நிரல் விடையளிக்க ஓரிரு நொடிகளே தரப்படும். எனவே அனைத்தையும் எண்ணுதல் சரியான வழியாயினும் பயன்படும் வழி ஆகாது.

தெரிந்து தெளிவோம்

ஒரு கண்மாய்க்கு 2 தெரிவுகள், இரண்டுக்கு 3, மூன்றுக்கு 5, நான்குக்கு 8, ஐந்துக்கு 13, ஆறுக்கு 21, ஏழுக்கு 34. முன்னுள்ள இரண்டு எண்களைக் கூட்டினால் அடுத்த எண் வருகிறது. இவ்வெண்வரிசை யாப்பிலக்கணத்தோடு தொடர்புடையது. குறிலுக்கு 1 மாத்திரை, நெடிலுக்கு 2 மாத்திரை எனக் கொண்டால், 3 மாத்திரையைக் குறில்–குறில்–குறில், குறில்–நெடில், நெடில்–குறில் என 3 வகையில் அமைக்கலாம். 4 மாத்திரையை 5 வகையிலும், 5 மாத்திரையை 8 வகையிலும் அமைக்கலாம். இவ்வாறு எண்ணும் முறையைப் பிராகிருத யாப்பு நூலாராகிய விரகாங்கரும், 12ஆம் நூற்றாண்டில் குசராத்தில் வாழ்ந்த ஏமச்சந்திரரும் விளக்கினர். இத்தாலிய அறிஞர் பிபனாச்சி 1202இல் எழுதிய நூலால் இவ்வரிசை மேலைநாடுகளில் பரவி, அவர் பெயராலேயே வழங்கலாயிற்று.

சிறுவினாவின் விடையைக் காத்தல்

பெரிய வினாவை அதே வடிவிலான சிறிய வினாக்களாக்கி, ஒவ்வொன்றின் விடையையும் எழுதி வைத்துக்கொண்டு மேலேறுவதே இப்புதிருக்கு உரிய வழி. ‘ஏழு கண்மாய்களில் சிறந்த தெரிவு எது?’ என்று கேட்பதற்கு முன் ‘முதல் ஒன்றில் எது? முதல் இரண்டில் எது? முதல் மூன்றில் எது?’ எனக் கேட்டுக்கொண்டே செல்ல வேண்டும்.

எந்தக் கண்மாயை அடைந்தாலும் இரண்டே வாய்ப்புகள் உள்ளன. ஒன்று, அதனை விடுதல். அப்போது அதற்கு முந்தைய கண்மாய் வரை கிடைத்த சிறந்த விடையே தொடரும். மற்றொன்று, அதனை எடுத்தல். அப்போது முந்தையதைத் தொடக்கூடாது ஆதலின், அதற்கும் முந்தைய கண்மாய் வரையிலான சிறந்த விடையோடு இதன் பயனைக் கூட்ட வேண்டும். இவ்விரண்டில் பெரியதே அவ்விடம் வரைக்குமான சிறந்த விடை.

ஒன்றாம் கண்மாய் வரை: 50.
இரண்டாம் கண்மாய் வரை: விட்டால் 50, எடுத்தால் 20. சிறந்தது 50.
மூன்றாம் கண்மாய் வரை: விட்டால் 50; எடுத்தால் 10 + 50 = 60. சிறந்தது 60.
நான்காம் கண்மாய் வரை: விட்டால் 60; எடுத்தால் 60 + 50 = 110. சிறந்தது 110.
ஐந்தாம் கண்மாய் வரை: விட்டால் 110; எடுத்தால் 70 + 60 = 130. சிறந்தது 130.
ஆறாம் கண்மாய் வரை: விட்டால் 130; எடுத்தால் 60 + 110 = 170. சிறந்தது 170.
ஏழாம் கண்மாய் வரை: விட்டால் 170; எடுத்தால் 10 + 130 = 140. சிறந்தது 170.

ஐந்தாம் படியில் 70ஐ எடுப்பதே சிறந்ததாக இருந்தது. ஆறாம் படியில் அம்முடிவு மாறி, நான்காம் படியில் எழுதி வைத்த 110 பயன்பட்டது. பழைய விடையை அழித்துவிட்டு வந்திருந்தால் இம்மாற்றம் இயலாது. எழுதிவைத்தலே இம்முறையின் உயிர்நாடி.

இம்முறை பிழைபடாது என்பதற்கான காரணமும் எளியது. கடைசிக் கண்மாய் எடுக்கப்படும் அல்லது விடப்படும். மூன்றாவது வாய்ப்பு இல்லை. எடுக்கப்பட்டால், அதனோடு சேரும் முற்பகுதியும் தன்னளவில் சிறந்ததாகவே இருக்க வேண்டும். அவ்வாறு இல்லையெனில் முற்பகுதியை மட்டும் மாற்றி மொத்தத்தைப் பெருக்கியிருக்கலாம். முழுமை சிறந்ததாக அமைய அதன் பகுதியும் சிறந்ததாக அமைதல் வேண்டும் என்னும் இப்பண்பு உள்ள புதிர்களுக்கே இம்முறை பொருந்தும்.

கண்மாய்கள் 50 ஆயினும் 50 படிகளே. ஒவ்வொரு படியிலும் ஒரு கூட்டலும் ஓர் ஒப்பீடுமே. ஆயிரம் ஆண்டுப் பணி சில நிமிடப் பணியாகச் சுருங்கிவிடுகிறது. கணினியை விரைவாக்கியதால் வந்த பயன் அன்று இது. சிந்தனையை ஒழுங்குபடுத்தியதால் வந்த பயன்.

விடையிலிருந்து தெரிவுக்கு

170 என்பது தொகை மட்டுமே. எந்தக் கண்மாய்களை எடுக்க வேண்டும் என்பதை அறியப் பின்னோக்கி வரவேண்டும். ஏழாம் படியில் விடுதலே சிறந்தது. எனவே ஏழாவது இல்லை. ஆறாம் படியில் எடுத்தலே சிறந்தது. எனவே ஆறாவது உண்டு, ஐந்தாவது இல்லை. நான்காம் படியில் எடுத்தல் சிறந்தது. எனவே நான்காவது உண்டு, மூன்றாவது இல்லை. இரண்டாம் படியில் விடுதல் சிறந்தது. எனவே முதலாவது உண்டு. ஒன்று, நான்கு, ஆறு என்பதே தெரிவு.

பெயரும் வரலாறும்

இம்முறைக்கு இயங்குநிலை நிரலாக்கம் என்று பெயர். அமெரிக்கக் கணித அறிஞர் ரிச்சர்ட் பெல்மன் 1950களில் ராண்டு நிறுவனத்தில் பணியாற்றியபோது இதனை உருவாக்கினார். 1957இல் இதனை விளக்கும் நூலையும் வெளியிட்டார். இப்பெயரிலுள்ள நிரலாக்கம் என்னும் சொல் கணினிக்கு நிரல் எழுதுவதை முதலில் குறிக்கவில்லை. பல கட்டங்களாக அமைந்த செயலைத் திட்டமிடுவதையே அது குறித்தது.

உகப்பாக்கத் துறையின் வளர்ச்சியில் இந்தியர் பங்கும் உண்டு. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற நரேந்திர கர்மார்க்கர், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணியாற்றியபோது 1984இல் வெளியிட்ட நெறிமுறை, பல்லாயிரம் கட்டுப்பாடுகள் கொண்ட நேரியல் திட்டக் கணக்குகளைத் தீர்ப்பதில் புதுவழி காட்டியது.

போட்டிக் களம்

பள்ளி மாணவர்க்கான பன்னாட்டுத் தகவலியல் ஒலிம்பியாட் 1989இல் பல்கேரியாவில் தொடங்கியது. இந்தியா 2002 முதல் இதில் பங்கேற்று வருகிறது. ஒவ்வொரு நாட்டின் சார்பிலும் நான்கு மாணவர்கள் கலந்துகொள்வர். போட்டி இரண்டு நாள் நடைபெறும். நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் வழங்கப்படும்.

இப்போட்டியில் தமிழ்வழி மாணவர் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. வினாக்கள் ஆங்கிலத்தில் உருவாக்கப்பட்டாலும், ஒவ்வொரு நாட்டுக் குழுத் தலைவரும் அவற்றைத் தம் மாணவரின் மொழியில் பெயர்த்து வழங்கலாம். சோதிக்கப்படுவது மொழிப்புலமை அன்று, சிந்தனைத் திறனே. இந்தியாவில் முதற்கட்டமாக அமைந்த மண்டலத் தகவலியல் ஒலிம்பியாடும் நிரலாக்கம் அறியாத மாணவர் விடையளிக்கத்தக்க வகையில் வடிவமைக்கப்பட்டதாகும். மேற்கண்ட கண்மாய்ப் புதிர் போன்றவற்றைத் தாளில் தீர்க்க வல்லவர் அத்தேர்வை அணுகத் தகுதி பெற்றவரே.

எது மிகச் சிறந்தது?

புதிர் தீர்ந்தது, ஆயினும் வினா தீரவில்லை. 170 ஏக்கர் என்பது ‘ஒரு கோடையில் மிகுந்த பயன் எது?’ என்னும் வினாவுக்கு விடை. ஏழு கண்மாய்களும் எத்தனை கோடைகளில் முடியும் என்று கேட்டால் நிலை மாறிவிடுகிறது.

முதற் கோடையில் ஒன்று, நான்கு, ஆறு ஆகியவற்றை முடித்தால் எஞ்சுபவை இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு. இரண்டும் மூன்றும் அடுத்தடுத்தவை. ஒரே கோடையில் இரண்டையும் முடிக்க இயலாது. இரண்டாம் கோடையில் இரண்டு, ஐந்து, ஏழு ஆகியவற்றை முடித்தால், 10 ஏக்கரே உடைய மூன்றாம் ஊர் மூன்றாம் கோடை வரை காத்திருக்க நேரும். மாறாக, முதற் கோடையில் ஒற்றைப்படைக் கண்மாய்களையும் மறு கோடையில் இரட்டைப்படைக் கண்மாய்களையும் எடுத்தால் இரண்டே கோடைகளில் ஏழும் முடிந்துவிடும். முன்பு தோற்றதாகக் கருதப்பட்ட 140 ஏக்கர் வழியே இவ்வினாவுக்கு வென்ற வழியாகிறது.

கணினி கேட்டதற்கு விடை தரும். கேட்க வேண்டியது எது என்பதைத் தானே முடிவு செய்யாது. கூட்டுத்தொகையை மட்டும் இலக்காக வைத்தால் சிறிய ஊர் கணக்கிலிருந்து விலகிப்போகும். அதற்குக் காரணம் நெறிமுறையின் கொடுமை அன்று, வினாவின் குறை. ஒவ்வோர் ஊரும் இரண்டு கோடைக்குள் பயன்பெற வேண்டும் என்னும் கட்டுப்பாட்டைச் சேர்த்தால் அதே நெறிமுறை அதற்கேற்ற விடையைத் தேடும். பேருந்துத் தடங்களை வகுத்தல், மருத்துவமனைகளில் முறை ஒதுக்குதல், அணைநீரைப் பகிர்தல் ஆகிய செயல்களுக்கெல்லாம் கணினியின் துணை நாடப்படும் இக்காலத்தில் இவ்வுண்மை பெரிதும் கருதத்தக்கது.

திருக்குறளில் தெரிந்துசெயல்வகையை அடுத்து வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் அதிகாரங்கள் வரிசையாக அமைந்துள்ளன. ஆராய்ந்து செய்தலைக் கூறியபின் ஆற்றல், காலம், இடம் என்னும் எல்லைகளைக் கூறும் அம்முறைவைப்பு எண்ணத்தக்கது. எல்லையை அறிந்து, இழப்பை எண்ணி, முன்கண்ட விடையைக் காத்து, யார் விடுபடுகிறார் என்பதையும் நோக்கி முடிவெடுப்பவரே புதிரை உண்மையில் தீர்த்தவர் ஆவார்.

கற்பவை கற்றபின்…

1. 40, 50, 40, 10, 30, 60 எனப் பயன் தரும் ஆறு கண்மாய்களுக்குச் சிறந்த தெரிவைப் படிப்படியாகக் கண்டறிந்து எழுதுக.

2. பாடத்தில் கண்ட இரு திட்டங்களிலும் மூன்று கோடைகளின் முடிவில் ஆண்டுதோறும் பயன்பெறும் ஏக்கர்களைத் தனித்தனியே கூட்டி ஒப்பிடுக. நும் ஊர் மூன்றாம் கண்மாய்க்கு உரியதாயின் எத்திட்டத்தை ஏற்பீர்? காரணம் கூறி வகுப்பில் உரையாடுக.

3. நும் பகுதியிலுள்ள ஏரி, குளம் அல்லது கண்மாயின் நீர்வரத்து, மடை, கலுங்கு ஆகியவற்றை ஊர்ப் பெரியோரிடம் கேட்டறிந்து வரைபடமாக வரைக.